குறிப்புக் கட்டம் காலியான நாள்: ஒரு கார் பிரியனின் நிகழ்வு ஆய்வு

கார் ஓட்டும் ஆசை எப்போது போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல வருடமாக ஒரே பதில்தான் சொல்லி வந்தேன்: சென்னை டிராஃபிக். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவன் அப்படிச் சொன்னால் யார்தான் மறுக்கப்போகிறார்கள்? அந்தப் பதில் தப்பு என்பதை 2023-ல் ஒரு பழைய நோட்டு எனக்குக் காட்டிக்கொடுத்தது. எங்கே தொலைந்தது, எதைத் தேடி எதை வாங்கினேன், எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று ஒரு வருடத்துக்கு மேல் தோண்டிப் பார்த்தேன். இதே புகாரோடு இருக்கிற நண்பர்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

புகார்

ஆய்வுக்குரிய ஆள் நான்தான். வயது 45. மேடவாக்கத்தில் வீடு, சிறுசேரி பக்கம் அலுவலகம். கார் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்து சித்தப்பா சொல்லும் கதைகள்தான் ஆரம்பம். எட்டாவது படிக்கும்போது தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன்.

2009-ல் வாங்கிய முதல் புது வண்டி ஃபோர்டு ஃபியஸ்டா, 1.6 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் சுமார் 100 குதிரைத்திறன். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பவர் ஸ்டியரிங், ஐந்து கியர், ஐந்து பேர் உட்காரும் சாதாரண செடான். ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் மத்தியில் அதற்கு ஒரு தனி மரியாதை இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், மறைமலை நகரில்தான் அது செய்யப்பட்டது. 1999-ல் ஐகான் வந்ததிலிருந்து அந்தத் தொழிற்சாலை, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலைக்காரர்களுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தபோது, வண்டியை விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய் டீ குடித்துவிட்டு எட்டரைக்குள் இட்லி மாவோடு வீடு திரும்புவேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

இப்படி இருந்தவன் 2022-ல் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் டிக்கெட் எடுத்தேன். ரயிலில் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் டிக்கெட் உறுதியானதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று நீளும் அந்த நாலுவழிச் சாலையில் ஓட்டுவதற்காகவே ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்குக் காத்திருந்தவன் நான்.

நோட்டு

2023 ஏப்ரலில் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறினோம். பரண் மேல் இருந்த அட்டைப் பெட்டியில் ஃபியஸ்டாவின் நோட்டு கிடைத்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் எழுதிவைக்கும் நோட்டு. ஸ்கேலால் கோடு போட்டு ஐந்து கட்டம்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், குறிப்பு. வண்டியின் கையுறைப் பெட்டியிலேயே கிடந்ததால் அட்டையில் எண்ணெய்க் கறை, ஓரத்தில் ஈரம் பட்ட வீக்கம்.

பெட்டி கட்டுவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தேன். முதல் நாலு கட்டம் எல்லாருடைய நோட்டிலும் இருப்பதுதான். ஐந்தாவது கட்டத்தில் என் கையெழுத்து பொடியாக, கோட்டை மீறி வழிந்துகொண்டிருந்தது. "செங்கல்பட்டு தாண்டி மழை. முன் டயர் லேசானது, கால் எடுத்ததும் பிடித்துக்கொண்டது." "நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது பிரேக்கிலேயே காலைச் சாய்த்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டினேன், குலுங்கவே இல்லை, முதல் தடவை." "மதுராந்தகம் ஏரி நிரம்பியிருக்கிறது." "இடது முன்பக்கம் ஏதோ டக் டக். லிங்க் ராடா?" ஏற்காடு போனதற்கு இருபது வளைவுக்கும் சேர்த்து ஒரு முழுப் பக்கம்.

அப்புறம் ஒரு பக்கத்தில் குறிப்புக் கட்டம் காலி. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, திருப்பிய பக்கம், எல்லாம் காலி. தேதியும் லிட்டரும் ரூபாயும் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. வண்டியை விற்ற 2019 வரைக்கும் ஒரு சொல் கூட இல்லை.

காலியான முதல் வரியின் தேதி 2016 ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்று.

டிராஃபிக்தான் காரணம் என்ற என் வாதம் அங்கேயே அடிபட்டுப்போனது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ ரயிலின் மாதவரம்–சிறுசேரி வழித்தடத்துக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கியது அதற்குப் பல வருடம் கழித்து. 2016-ல் நான் அலுவலகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தேன். வயது, குடும்பம் என்று பார்த்தால் மகள் பிறந்தது 2014-ல். அவள் பிறந்த பிறகும் இரண்டு வருடம் கட்டம் நிறைய எழுதியிருக்கிறேன். அவளைத் தூங்கவைப்பதற்காக ராத்திரி பத்து மணிக்கு வேளச்சேரியைச் சுற்றி வந்ததைக் கூட எழுதியிருக்கிறேன்: "மூன்றாவது கியரில் 40. தூங்கிவிட்டாள். இன்னும் ஒரு சுற்று, சும்மா."

வண்டியும் அதேதான், சாலையும் அதேதான். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் ஏதோ இருக்கிறது.

அந்த ஞாயிறு

நினைவில்லாமல் இல்லை. நன்றாகவே நினைவிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காலை ஆறேகால் இருக்கும். கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கத்துக்கு முன்னால். அந்தப் பகுதியில் அப்போது நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. இரண்டு பக்கமும் பனை. ஸ்பீடாமீட்டரில் 110. அந்தச் சாலைக்கு அது மிகவும் அதிகம், அப்போதும் தெரியும். இடது பக்கம் ஒரு மண் பாதையிலிருந்து பின்னால் மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று சாலையில் ஏறியது. ஓட்டியவர் வலது பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் நான் வருவதற்குள் கடந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார், ஏனென்றால் அந்தத் தூரத்தில் வருகிற வண்டி 70-ல் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பிரேக் பெடல் காலடியில் தடதடவென்று உதைத்தது. பக்கவாட்டில் எங்கும் திருப்பவில்லை, திருப்ப இடமும் இல்லை. வண்டி நின்றபோது அவருடைய முழங்காலுக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவர் கீழே விழவில்லை. பதற்றத்தில் வண்டியைச் சாய்த்ததில் பெட்டி மூடி கழன்று கொஞ்சம் ஐஸ் சாலையில் சிதறியது. இறங்கி ஓடிப்போய் மூடியை எடுத்துக் கொடுத்தேன். அறுத்த ட்யூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். திட்டவில்லை. ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"வீட்ல புள்ள குட்டி இருக்கா தம்பி?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு."

"பாத்துப் போங்க."

அவ்வளவுதான். கிளம்பிப் போய்விட்டார். நான் மரக்காணம் போகவில்லை. திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டேன். நாலு கட்டமும் எழுதினேன். ஐந்தாவதை எழுதவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கே 2023-ல் நோட்டைக் காட்டியபோதுதான் சொன்னேன்.

இந்த ஆய்வுக்காக அந்த நிறுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காய்ந்த சாலை, நல்ல டயர், கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 70 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 44 மீட்டரில் நின்றுவிடும். 110-ல் வரும் வண்டிக்குச் சுமார் 90 மீட்டர் வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு கணக்கும் உண்டு: 70-ல் வந்த வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த 44-வது மீட்டரில், 110-ல் வந்த வண்டி இன்னும் ஏறக்குறைய 97 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதாவது பிரேக் அடித்து ஒரு பிரயோஜனமும் ஆகியிருக்காது. அன்று எனக்கு எப்படியோ 90 மீட்டர் கிடைத்தது. அது என் திறமையில் சேராது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884, அதாவது தினம் சராசரியாக 49 பேர். இந்த எண்களை நான் முன்பும் படித்திருக்கிறேன். அதில் ஒன்றாக அந்த மீன்காரரும், அவருக்குக் காரணமாக நானும் ஆகியிருப்போம் என்று படித்தது இப்போதுதான்.

என்ன நடந்திருக்கிறது என்று என் வாசிப்பைச் சொல்கிறேன். அன்றிலிருந்து நான் வேகமாக ஓட்டவில்லை. அது சரியான முடிவு, அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் எனக்கு வேகமும் சந்தோஷமும் ஒரே முடிச்சாகப் பழகியிருந்தது. ஒன்றை வெட்டியபோது இன்னொன்றும் சேர்ந்து அறுந்தது. அது மட்டும் இல்லை. முன்பு கவனமெல்லாம் சாலையின் வளைவு, டயரின் சத்தம், கியர் இறங்கும் இடம் என்று இருந்தது. அதே கவனம் இப்போது ஒவ்வொரு மண் பாதையையும் காவல் காத்துக்கொண்டிருந்தது. இடது தோள் எப்போதும் விறைப்பாக இருக்கும். நூறு கிலோமீட்டர் போய் இறங்கினால் கழுத்து வலிக்கும். எனக்குப் பயம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அலுப்பு என்றுதான் தோன்றியது. பயம் அலுப்பு வேஷத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தப்பான மருந்து

நோய் தெரியாதபோது மருந்து கடையில் இருப்பதைத்தானே வாங்குவோம். ஃபியஸ்டாவுக்குப் பத்து வயது ஆனதால்தான் ஓட்டப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, 2019 கடைசியில் அதை விற்றுவிட்டு ஒரு காம்பாக்ட் எஸ்.யு.வி. வாங்கினேன். பெயர் வேண்டாம், வண்டியில் ஒரு குறையும் இல்லை. டர்போ எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பழையதைவிட அதிகத் திறன். காகிதத்தில் எல்லாமே கூடுதல்.

மூன்று மாதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கார் பிரியர்கள் பலர் இதே கிணற்றில்தான் விழுகிறார்கள்.

டயர் சாலையில் பதியும் இடம் ஒரு உள்ளங்கை அளவுதான். வளைவில் திரும்பும்போது அந்த உள்ளங்கை முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் தாங்கும் விசை அதன் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் தள்ளி விழும். அந்தச் சிறு தூரம்தான், ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கிற இழுப்பை நம் கைக்குத் தருகிறது. பிடியின் எல்லையை டயர் நெருங்க நெருங்க அந்தத் தூரம் சுருங்கும். அதனால் டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பாகவே ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். என் நோட்டில் "முன் டயர் லேசானது" என்று எழுதியிருந்தது இதைத்தான். கை, சாலையோடு பேசுகிற இடம் இது.

பழைய எண்ணெய் அழுத்த ஸ்டியரிங்கில் இந்தச் சேதி பெருமளவு வந்து சேரும். ஆனால் எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அந்தப் பம்பும் ஓடவேண்டும், அதனால் எரிபொருள் வீண். மின்மோட்டார் ஸ்டியரிங் தேவைப்படும்போது மட்டும் சக்தி எடுக்கும். இன்று பெரும்பாலான கார்களில் அதுவே வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் மோட்டாரும் பற்சக்கரமும் நடுவில் வந்து உட்காரும்போது நுண்ணிய சேதிகள் வடிகட்டப்பட்டுவிடும். இதை நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், நான் வாங்கிய விலையில் அது கிடைக்கவில்லை.

அப்புறம் உயரம். சாலை நம்மைக் கடந்து ஓடுவதைக் கண் தன் உயரத்தையே அளவுகோலாக வைத்து அளக்கிறது. இருக்கை உயர்ந்தால் அதே 80 மெதுவாகத் தெரியும். ஜன்னல் கண்ணாடி தடிமன், எஞ்சின் சத்தம் குறைவு, சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி. ஃபியஸ்டாவில் 60-ல் கிடைத்த உணர்ச்சி இதில் 110-க்குக் குறைந்து கிடைக்காது. 110 போகக் கூடாது என்று உடம்பே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80 தாண்டினால் விட்டு விட்டும், 120 தாண்டினால் விடாமலும் ஒலிக்கிற எச்சரிக்கை கட்டாயம். நல்ல விதிதான். எனக்கு அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் தோள் இறுகும். ஐஸ் சிதறியது கண்ணில் வரும்.

ஆக, என் சந்தோஷம் எந்த வேகத்தில் இருந்தால் எனக்கு ஆகாதோ அந்த வேகத்துக்குக் கொண்டுபோய் அதை வைத்துவிட்டேன். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து.

எழுபது வளைவு

2024 பொங்கலுக்கு மாமனார் ஊரான நாமக்கல்லுக்குப் போனோம். என் மனைவியின் தம்பி அங்கே லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருக்கிறான். ராசிபுரம் வரை போய்வர என் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பாதி வழியில் சொன்னான்:

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. டிரைவர் வெச்ச வண்டில பின்னால உக்காந்திருக்கிற மாதிரி முன்னால உக்காந்திருக்கீங்க."

"வண்டியே எல்லாம் பண்ணிக்குதே மாப்ள."

"நாளைக்குக் காலைல நம்ம ஜென்ல கொல்லிமல போலாங்க. நீங்க ஓட்டுங்க."

அவன் ஜென் 2003 மாடல், எல்.எக்ஸ். ஒரு லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குள். பவர் ஸ்டியரிங்கே கிடையாது. பட்டறைக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வண்டி, பின் சீட்டில் ரப்பர் வாடை.

காரவள்ளியில் ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அடிவாரத்திலிருந்து மேலே வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் ஐந்தாறு வளைவில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆட்டோமேட்டிக்கில் பழகிய இடது கால் கிளட்சைத் தேடியது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் போய் எஞ்சின் முக்கியது, பாதியில் முதல் கியருக்கு மாற்றினால் வண்டி குலுங்கியது. ஸ்டியரிங் மெதுவாகப் போகும்போது கல்லாக இருந்தது. இரண்டு கையாலும் தோளைக் கொடுத்து இழுக்கவேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு மேல் ஏதோ ஒழுங்கு வந்தது. வளைவுக்கு முன்னாலேயே மேலே பார்த்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, ஹாரன் அடித்து, கியரை முன்கூட்டியே இறக்கி, வெளி ஓரத்திலிருந்து உள்ளே இழுத்து, நேரானதும் மிதித்தால் அந்தச் சின்ன எஞ்சின் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு ஏறியது. ஒரு மினி பஸ் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது மலைச்சாலை விதி. டிரைவர் ஓரங்கட்டி நின்று கையசைத்தார். நானும் கையசைத்தேன். கடைசியாக எப்போது ஒரு டிரைவருக்குக் கையசைத்தேன் என்று நினைவில்லை.

முப்பதுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் உள் ஓரம் பூராவும் ஜல்லிப் பொடி. திருப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் கையில் லேசானது. அதே சேதி. காலைக் கொஞ்சம் தளர்த்தினேன், டயர் கடித்துக்கொண்டது, கனம் திரும்பி வந்தது. ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். 25.

இந்த ஆய்வின் முடிவு எனக்குக் கிடைத்தது அந்த ஜல்லியில்தான். 25 கி.மீ. வேகத்திலும் அது இருந்தது. வேகத்தில்தான் இருக்கிறது என்று நான்தான் தப்பாகக் கற்றிருந்தேன். என் உடம்பு போட்ட பூட்டு வேகத்துக்கு மட்டும்தான். சாலையோடு பேசுவதற்கு அது தடை போட்டதே இல்லை. அதை நான் சேர்த்து மூடிவிட்டேன். அப்புறம் பேசாத வண்டியையும் வாங்கிக்கொண்டேன்.

சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. மாப்ள, "என்னாச்சுங் மாமா?" என்றான். மேலே ஏறி ஒரு திருப்பத்தில் நிறுத்தி, டீக்கடையில் உட்கார்ந்து, மீன்காரர் கதையை முழுசாக அவனிடம் சொன்னேன். சாக்கில் மிளகு கட்டிக்கொண்டிருந்த ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே எஞ்சினைப் பிடித்து இறங்கினேன். கழுத்து வலிக்கவில்லை.

பந்தயத் தடம்: எதிர்பார்த்தது வேறு

வேகத்துக்குப் பயமில்லாத இடம் ஒன்று இருந்தால் அதுவும் திரும்பி வருமா என்று பார்க்க, அந்த வருடமே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். 1990-லிருந்து இருக்கிற தடம், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். குறுக்கே மொபெட் வராது, மண் பாதை கிடையாது. மாணவனாக நிறையக் கற்றேன், முக்கியமாக பிரேக்கை எங்கே விடவேண்டும் என்பதை. முதல் அரை மணி நேரம் தோள் இளகியே இருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் எல்லாரும் சுற்று நேரத்தைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள், நானும் விநாடி எண்ணத் தொடங்கினேன், அதோடு எனக்கு விட்டுப்போனது. தடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகம் பிடித்தவர்கள் அங்கே போய் அதைத் தீர்த்துக்கொள்வதுதான் சரி, பொதுச் சாலையில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஏரி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிற ஓட்டம்.

இந்த ஆசையில் நான் தனி ஆள் இல்லை. 1989-ல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற ஒரு டன் எடையுள்ள சின்ன வண்டியைச் செய்தபோது, குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடம்பாவது என்ற பொருள் கொண்ட ஜப்பானியச் சொல் ஒன்றைத்தான் அதைச் செய்தவர்கள் இலக்காக வைத்தார்கள். எவ்வளவு வேகம் என்பதை இல்லை. அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. அந்தச் சொல்லின் பொருள் மட்டும் கொல்லிமலைக்குப் பிறகு எனக்குத் தெரியும்.

இப்போதைய நிலை

ஜென்னை மாப்ளையிடமிருந்து வாங்கிவிட்டேன். அவன் பணம் வேண்டாம் என்றான், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். குடும்பத்தோடு போக எஸ்.யு.வி. இருக்கிறது. மழையிலும் ராத்திரியிலும் ஏர்பேக் இல்லாத இருபது வருட வண்டியில் மகளை உட்காரவைக்க எனக்கு மனம் வராது, அதில் சமரசம் இல்லை. ஜென் எனக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், 60-க்கு மேல் போகாத சாலைகளுக்கு மட்டும்.

திரும்பி வராததும் உண்டு. ஓ.எம்.ஆர். பயணத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மறுபடி பஸ்ஸில் போகிறேன். இருவழிச் சாலையில் இடது பக்கம் மண் பாதை கண்டால் இன்றைக்கும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழும்பும். அதைப் போக்க நான் முயற்சி செய்யவில்லை. அது இருக்கட்டும். மாறியது என்னவென்றால், கால் எழும்புவதை இப்போது நான் கவனிக்கிறேன். பாதையைப் பார்க்கிறேன், யாரும் இல்லை என்றால் மறுபடி மிதிக்கிறேன். தோள் விறைப்பதில்லை.

கடப்பாக்கத்துக்கு முன்னால் அந்த இடத்தைக் கடந்து நான்கு தடவை போய்வந்துவிட்டேன். அவரைப் பார்க்கவில்லை.

இதே புகாரோடு வருகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எந்த ஓட்டத்தைப் பற்றி நீங்களாக யாரிடமாவது சொன்னீர்கள் என்பதுதான். அதற்கு அடுத்த ஓட்டத்தில் என்ன நடந்தது என்று அப்புறம் கேட்கிறேன். ஒருவருக்கு அது அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரியாக இருந்தது. இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, நிஜமாகவே டிராஃபிக்தான். அவர் வீட்டை மாற்றிக்கொண்டார், சரியாகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காரணம் தெரிவதற்கு முன்னால் புது வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள் என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஜென்னுக்குப் புது நோட்டு போட்டிருக்கிறேன், ஐந்து கட்டம். கோடு போட்டது மகள். அதன் பதிவு 2023-ல் புதுப்பித்தது, 2028 வரை ஓடும். இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். மாதம் முந்நூறு ரூபாய் என்று அதற்குத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டேன்.